குழல், குதிரை, கரிமருந்து: வாசகர் கேள்வி பதில்

மருந்தையும் குண்டையும் வாய் வழியாகவே போட்டுக் கெட்டிக்கும் பழைய ரைஃபிள்களைப் பற்றிய கேள்விகளுக்கு இந்த இதழில் பதில் தருகிறோம். பெரும்பாலானவை சங்கத்தில் சேர்ந்து உரிமத்தோடு சுடுகிற வெளிநாட்டு வாசகர்களுடையவை. ஒரு சொல் விளக்கம்: குதிரை என்று நாம் எழுதுவது கேப்பின் மேல் விழுந்து அடிக்கும் சுத்தியலை. விரல் இழுப்பது விசை. அடி பட்டதும் பொறி கக்கும் சிறு உலோக மூடி கேப்பு. அது மேலே உட்காரும், குழலுக்குள் பொறியை விடும் துளையுள்ள முனை நிப்பிள். குதிரையையும் அதை இயக்கும் பாகங்களையும் தாங்கும் பொறியமைப்பு லாக். குதிரை சுடாமல் தங்கும் நிலை பாதி நிலை, சுடத் தயாராக இழுத்த நிலை முழு நிலை.

ஏலத்தில் ஓர் என்ஃபீல்டு ரைஃபிள் வாங்கினேன். லாக் தகட்டில் கிரீடம், ‘டவர்’ என்ற சொல், 1861 என்ற ஆண்டு மூன்றும் இருக்கின்றன. இதை வைத்துச் சுடலாமா?
— வாசகர், ஹாரோ, லண்டன்

சுடுவதைப் பற்றிப் பிறகு பேசலாம். முதலில் உள்ளே ஏற்கெனவே மருந்தும் குண்டும் இருக்கின்றனவா என்று பாருங்கள். கெட்டித்தபடியே மூலையில் சாத்தி வைக்கப்பட்டு, பல கை மாறி ஏலத்துக்கு வந்து சேரும் துப்பாக்கிகள் உண்டு. கரிமருந்து வயதானதால் கெடுவதில்லை. ஈரம் படாதவரை அன்று வெடித்தது போலவே இன்றும் வெடிக்கும்.

நிப்பிளின் மேல் கேப்பு இல்லை என்று உறுதி செய்துகொண்டு குதிரையைப் பாதி நிலையில் நிறுத்துங்கள். கெட்டிக்கும் கோலை இரண்டு விரலால் பக்கவாட்டில் பிடித்து, குழலின் அடிவரை இறக்குங்கள். உள்ளங்கையால் தள்ள வேண்டாம், முகமும் குழலின் வாய்க்கு நேராக வர வேண்டாம். கோல் நின்றதும் வாய் விளிம்பில் அதன்மேல் பென்சில் கோடு போடுங்கள். பிறகு கோலை வெளியே எடுத்து, கோடு வாய் விளிம்போடு பொருந்தும்படி குழலின் மேலேயே படுக்க வையுங்கள். கோலின் நுனி நிப்பிளுக்கு நேராக வந்தால் குழல் காலி. ஓர் அங்குலமோ இரண்டு அங்குலமோ முன்னாலேயே நின்றுவிட்டால் உள்ளே ஏதோ அடைத்திருக்கிறது. அது மருந்துதான் என்று வைத்துக்கொண்டே மேற்கொண்டு நடங்கள்.

அப்படி இருந்தால் நிப்பிளின் துளை வழியாகத் தண்ணீர் விட்டு ஒரு நாள் முழுக்க ஊறவிடுங்கள். வெடியுப்பு தண்ணீரில் கரைந்துவிடும், மிஞ்சுவது கரிச்சேறுதான். அதன்பின் நிப்பிளைக் கழற்றி, அதே மரையுள்ள கிரீஸ் நிப்பிளை அந்த இடத்தில் பொருத்தி, கிரீஸ் கன்னால் மெல்ல அழுத்தினால் குண்டு அங்குலம் அங்குலமாக முன்னால் நகர்ந்து வெளியே வரும். பிறகு கிரீஸைத் துடைத்தெடுக்க அரைநாள் போகும், போகட்டும். டிரில் போடுவதும் குழலைச் சூடாக்குவதும் கூடவே கூடாது. இந்த வேலை பழக்கமில்லாவிட்டால் துப்பாக்கி பழுதுபார்ப்பவரிடம், உள்ளே இருக்கிறது என்று சொல்லியே ஒப்படையுங்கள்.

காலிக் குழலில் பார்க்க வேண்டியவை வேறு. கோலில் இறுக்கமாக ஒரு துணித்துண்டைச் சுற்றி, எண்ணெய் தொட்டு, வாயிலிருந்து அடிவரை மெதுவாக ஒரே வேகத்தில் தள்ளுங்கள். நடுவில் எங்காவது கோல் சட்டென்று இலகுவாகி மறுபடி இறுகினால் அந்த இடத்தில் குழல் உப்பியிருக்கிறது. முன்பு யாரோ குண்டை அடிவரை இறக்காமல் சுட்டதன் தழும்பு அது. அந்தக் குழலைச் சுடவே கூடாது. உப்பல் இல்லையென்றால் போர்ஸ்கோப் (குழலுக்குள் விட்டுப் பார்க்கும் கருவி) விட்டு அடியிலிருந்து நான்கு அங்குலத்தைப் பாருங்கள். அழுத்தம் உச்சத்துக்குப் போவதும் அங்கேதான், கழுவாமல் விட்ட உப்பு அரிப்பதும் அங்கேதான். குழலின் உட்சுவரில் முறுக்காக வெட்டிய வரிகளுக்குள் மணல் தூவினாற்போன்ற சிறு குழிகள் பரவாயில்லை. கடுகு போட்டால் நிற்கும் அளவுக்குப் பள்ளங்கள் இருந்தால் ரைஃபிளைச் சுவரில் மாட்டிவிட்டு, சுடுவதற்கு ஒரு மறு தயாரிப்பை வாங்குங்கள். பர்மிங்ஹாமின் பார்க்கர்-ஹேல் பழைய அளவுக்கருவிகளைக் கொண்டே தயாரித்த 1853 மாதிரி இன்றும் கைமாறிக் கிடைக்கிறது.

குழலின் அடியை அடைக்கும் பிரீச் பிளக்கை மட்டும் ‘உள்ளே பார்த்துவிடலாம்’ என்று கழற்றாதீர்கள். அந்த மரை அசைந்து திரும்பப் பொருந்தும்போது வால் தகடும் மரத்தில் வெட்டிய பள்ளமும் ஒன்றுக்கொன்று விலகிப்போகும்.

எல்லாம் சரியாக இருந்தாலும் லண்டன் அல்லது பர்மிங்ஹாம் புரூஃப் ஹவுஸில் (துப்பாக்கிக் குழல்களின் வலுவைச் சோதிக்கும் நிலையம்) மறுசோதனை செய்து முத்திரை வாங்கிய பிறகே சுடுங்கள். சோதனையில் குழல் கெட்டுப்போகவும் கூடும் என்பதைத் தெரிந்துகொண்டு அனுப்புங்கள். சட்டம் வேறு: பிரிட்டனில் 1968ஆம் ஆண்டுத் துப்பாக்கிச் சட்டத்தின் 58(2) பிரிவின்படி, பழம்பொருளாக அலங்காரத்துக்கு வைத்திருந்தால் சான்றிதழ் வேண்டாம். சுட வேண்டும் என்று நினைத்த கணமே அந்த விலக்கு போய்விடும். ரைஃபிளுக்குத் துப்பாக்கிச் சான்றிதழும், கரிமருந்து வாங்கி வைக்கத் தனி வெடிபொருள் சான்றிதழும் வேண்டும்.

குதிரை பாதி நிலையில் நிற்பதில்லை. சில சமயம் முழு நிலையிலிருந்தும் தானாக விழுகிறது. இதுவும் ‘டவர்’ என்ஃபீல்டுதான். வேறு துப்பாக்கியின் பாகத்தை எடுத்துப் போடலாமா?
— வாசகர், மெல்போர்ன்

கேப்பு வைக்கவே வேண்டாம், இது சரியாகும்வரை அந்தத் துப்பாக்கி சுடுவதற்கு இல்லை.

பாகத்தை மாற்றும் முன் குற்றம் இரும்பிலா மரத்திலா என்று பிரித்துப் பாருங்கள். குதிரையைப் பாதி நிலையில் வைத்து, எதிர்ப்பக்கத்திலுள்ள இரண்டு நீளத் திருகாணிகளையும் நான்கைந்து சுற்றுத் தளர்த்துங்கள். திருகாணித் தலைகளை மரச்சுத்தியால் மெல்லத் தட்டினால் லாக் தகடு சமமாக மேலெழும். தகட்டின் ஒரு முனையில் நெம்பினால் மரத்தின் ஓரம் பெயர்ந்துவிடும். லாக்கைக் கையில் எடுத்தபின் குதிரையை இழுத்துப் பாருங்கள். கையில் சரியாக வேலை செய்து, மரத்தில் போட்டதும் தடுமாறினால் கோளாறு மரத்தில்தான். சியரின் (குதிரையைப் பிடித்து வைத்து, விசை இழுத்ததும் விடுவிக்கும் நெம்பு) கிடைக்கை படும் பள்ளத்தில் மரம் ஈரத்தில் உப்பியிருக்கும், அல்லது அந்த நீளத் திருகாணிகளை யாரோ முழு பலத்தோடு முறுக்கியிருப்பார்கள். அவற்றை இறுக்கும் அளவு, தகடு ஆடாமல் இருக்கும் அளவுதான். உப்பிய இடம் தெரிய சியரின் மேல் விளக்குக் கரி தடவிப் பொருத்தி எடுங்கள். மரத்தில் கரி ஒட்டிய இடத்தை மட்டும் உளியால் சீவினால் போதும்.

கையிலும் நிற்கவில்லை என்றால் பிரிக்க வேண்டியதுதான். முழு நிலைக்கு இழுத்து, மெயின் ஸ்பிரிங்கை ஸ்பிரிங் வைஸில் கவ்வி, குதிரையைக் கையால் இறக்கி, ஸ்பிரிங்கை எடுங்கள். அடுத்து சியர் ஸ்பிரிங், பிரிடில் (உள்பாகங்களைத் தாங்கும் பாலத் தகடு), சியர். அதன்பின் குதிரை, கடைசியில் டம்ப்ளர் (குதிரையோடு சேர்ந்து சுழலும் உள்பாகம்). குதிரையை அச்சிலிருந்து எடுக்க அடியில் திருப்புளி விட்டு நெம்பாதீர்கள், தகடு வளையும். குதிரைப் பக்கத்தை மேலாக்கி, டம்ப்ளர் கீழே இறங்கும்படி இடைவெளி விட்டு லாக்கை மரக்கட்டைகளின் மேல் வைத்து, டம்ப்ளரின் சதுர முனைக்கு ஏற்ற பித்தளை உளியால் தட்டி இறக்குங்கள்.

இப்போது பூதக்கண்ணாடி. டம்ப்ளரில் இரண்டு வெட்டுகள் இருக்கும். பாதி நிலையின் வெட்டு ஆழமாக, உதடு மூடினாற்போல உள்வளைந்து இருக்கும். சியர் மூக்கு அதற்குள் போய் உட்கார்ந்துவிட்டால் விசையை எவ்வளவு இழுத்தாலும் வெளியே வராது, வரவும் கூடாது. அந்த உதடு உடைந்திருந்தால் டம்ப்ளர் போயிற்று. முழு நிலையின் வெட்டு ஒரு படி போல எளிமையானது. அதன் விளிம்பும் சியர் மூக்கும் கத்தி போல நேராக இருக்க வேண்டும். உருண்டிருந்தால் குதிரை வழுக்கும்.

பெரும்பாலும் தேய்வது சியர் மூக்குதான். அதை மட்டும், கோணம் மாறாமல், நயமான எண்ணெய்க்கல்லில் இரண்டு மூன்று தேய்ப்பில் நேராக்குங்கள். வெட்டின் பக்கம் அரத்தைக் கொண்டுபோகாதீர்கள். டம்ப்ளர் மென்மையான இரும்பு. கரியூட்டிக் கெட்டிப்படுத்தியது அதன் மேல்தோல் மட்டுமே. தோலை அரத்தால் எடுத்துவிட்டால் உள்ளே இருக்கும் இரும்பு சில நூறு இழுப்பிலேயே மறுபடி தேய்ந்துவிடும். விசை இலேசாக வேண்டும் என்று யாரோ முன்பு அரம் போட்டதால்தான் இப்படிப் பல லாக்குகள் கெடுகின்றன.

வேறு துப்பாக்கியின் பாகம் அப்படியே சேராது. என்ஃபீல்டு அரசு ஆலையும் லண்டன் ஆர்மரி கம்பெனியும் இயந்திரத்தில் செய்த பாகங்கள் ஒன்றுக்கொன்று மாறும். ‘டவர்’ குறியோடு பர்மிங்ஹாம் பட்டறைகள் ஒப்பந்தத்தில் செய்தவை ஒவ்வொன்றும் கையால் பொருத்தியவை. அந்த வகைக்குப் புதுச் சியர் வாங்கினாலும் பொருத்துகிறவர் ஒருவர் வேண்டும்.

அசல் .577 அங்குல என்ஃபீல்டு குழல். முதல் இரண்டு குண்டு சொன்ன இடத்தில் விழுகிறது, நான்காவது குண்டு உள்ளே இறங்கவே மறுக்கிறது. குறியும் சிதறுகிறது.
— வாசகி, ஸ்கார்பரோ, டொராண்டோ

உங்கள் குழலுக்குள் மூன்று வரிகள், 78 அங்குலத்துக்கு ஒரு சுற்று. 39 அங்குலக் குழலில் குண்டு அரைச்சுற்றுச் சுற்றித்தான் வெளியே வருகிறது. இந்த மந்தமான முறுக்குக்கு, அடியில் குழிவுள்ள மென்மையான குண்டு விரிந்து வரிகளைப் பிடித்தால்தான் குறி நிற்கும். எனவே நான்கு விஷயங்களை ஒவ்வொன்றாகப் பாருங்கள். இரண்டை ஒன்றாக மாற்றினால் எது பலித்தது என்று தெரியாது.

முதலில் ஈயம். சுத்த ஈயத்தில் நகத்தால் கீறினால் கோடு விழும். கார்ச் சக்கரங்களில் சமநிலைக்காகப் பொருத்தும் பழைய எடைகளை உருக்கியது என்றால் அதில் ஆன்டிமனி இருக்கும். அது கெட்டி. பாவாடை போன்ற அடி விளிம்பு விரியாது, வாயு பக்கவாட்டில் ஒழுகும், குண்டு தலைகுப்புற உருளும். அட்டையில் சாவித்துளை போல நீள ஓட்டை விழுந்தால் இதைத்தான் சந்தேகிக்க வேண்டும்.

அடுத்து அளவு. .577 என்பது பெயர்தான். பழைய குழல்கள் .580 தாண்டியும் இருக்கும். குண்டை அடித்து இறக்கி மைக்ரோமீட்டரால் அளக்கலாம் என்று நினைக்காதீர்கள். மூன்று வரிக் குழலில் ஒரு பள்ளத்துக்கு நேரெதிரே மேடுதான் இருக்கும், அளவு பொய் சொல்லும். வாயில் பிளக் கேஜ் (அளவு குறித்த உருளை) விட்டு மேடுகளுக்கு இடையிலான விட்டத்தை எடுத்து, குண்டை அதைவிட .001 முதல் .002 அங்குலம் சிறியதாக வையுங்கள்.

மூன்றாவது பூச்சு. நான்காவது குண்டு சிக்கிக்கொள்வதற்கு முக்கியக் காரணம் இதுதான். கரிமருந்து எரிந்தால் அதன் எடையில் பாதிக்கும் மேல் திடக்கழிவாகக் குழலிலேயே தங்குகிறது. கனடாவின் வறண்ட காற்றில் அது ஓடு போல இறுகும். தேன்மெழுகும் ஆட்டுக்கொழுப்பும் சரிபாதி எடுத்து, வெந்நீர்ப் பாத்திரத்துக்குள் வைத்து உருக்கிக் கலந்து, குண்டின் பள்ளங்களை நிரப்புங்கள். குளிர்காலத்தில் கொழுப்பைக் கொஞ்சம் கூட்டுங்கள். பெட்ரோலிய கிரீஸ் கரிமருந்தோடு சேர்ந்து தார் ஆகிவிடும், அது வேண்டாம். (இந்தப் பூச்சில் எந்த விலங்கின் கொழுப்பு இருக்கிறது என்ற கேள்விதான் இதே என்ஃபீல்டின் தோட்டாவை 1857இல் நம் வரலாற்றுக்குள் இழுத்துவந்தது.) பூச்சு போதுமா என்று குழலின் வாய் சொல்லிவிடும். ஐந்து குண்டு சுட்டபின் வாய் விளிம்பில் பளபளப்பாக, ஈரமாக, நட்சத்திரம் போல மெழுகுக் கறை படிந்திருந்தால் போதும். விளிம்பு சாம்பல் நிறத்தில் வறண்டு கிடந்தால் போதாது.

கடைசியில் மருந்து. படைக்குத் தந்த அளவு 2½ டிராம், அதாவது ஏறக்குறைய 68 கிரெய்ன் (ஒரு கிரெய்ன் சுமார் 0.065 கிராம்). குண்டு 530 கிரெய்ன். அட்டையில் குறி பார்க்க அவ்வளவு வேண்டாம். 2எஃப் (நடுத்தரப் பருமன்) மருந்தில் 45 கிரெய்னில் தொடங்கி, மூன்று மூன்று கிரெய்னாக ஏற்றி, ஒவ்வொரு அளவுக்கும் ஐந்து குண்டு சுட்டுப் பாருங்கள். கூட்டம் சுருங்கி மறுபடி விரியத் தொடங்கும் இடத்துக்கு முந்தைய அளவே உங்களுடையது.

மருந்துக் குப்பியிலிருந்து நேராகக் குழலில் கொட்ட வேண்டாம். தனி அளவுக்குழாயில் எடுத்துத்தான் ஊற்ற வேண்டும். உள்ளே ஒரு கங்கு மிச்சமிருந்தால் எரிவது அளவுக்குழாயில் உள்ள மருந்து மட்டுமாக இருக்கட்டும், உங்கள் கையிலிருக்கும் குப்பி அல்ல. குண்டு மருந்தின் மேல் உட்கார்ந்திருக்க வேண்டும். இடையில் காற்று நின்றால் குழல் உப்பும், வெடிக்கவும் செய்யும். அதற்காகவே கோலில் ‘கெட்டித்தது’ என்று ஒரு கோடு போட்டுவைத்து ஒவ்வொரு முறையும் பாருங்கள். நான்காவது குண்டு பாதியில் நின்றால் அந்தக் கோடுதான் காட்டிக்கொடுக்கும்.

.50 அளவு ஹாக்கன் வகை ரைஃபிள், உருண்டைக் குண்டு. குண்டைச் சுற்றி உள்ளே இறக்க எந்தத் துணி, எவ்வளவு தடிமன்?
— வாசகர், நியூ ஜெர்சி

செயின்ட் லூயியில் ஜேக்கப், சாமுவேல் ஹாக்கன் சகோதரர்கள் செய்த வகை. .490 குண்டு, .015 அங்குலம் தடிமனுள்ள நெருக்கமான பருத்தித் துணி, இதுதான் தொடங்கும் இடம். செயற்கை இழை கலந்த துணி உருகி ஒட்டும்.

சுட்ட துணியே மிச்சத்தைச் சொல்லும். குழலிலிருந்து ஐந்து முதல் பத்து மீட்டருக்குள் தரையில் கிடக்கும், சுடும் வரிசை நின்றபின் பொறுக்கி வாருங்கள். நடுவில் சாம்பல் வட்டம், சுற்றிலும் வரிகளின் தடம், ஓரம் பிசிறு மட்டும் என்றால் எல்லாம் சரி. குண்டு உட்கார்ந்த வட்டத்தின் ஓரத்தில் கருகி ஓட்டை விழுந்திருந்தால் துணி மெல்லியது, வாயு தாண்டுகிறது. கத்தியால் அறுத்தாற்போல நேர்க் கீறல்கள் இருந்தால் குழலின் வாயில் கூர்மை இருக்கிறது. துணியே கிடைக்காமல் நூல்கள் மட்டும் கிடைத்தால் துணி தரம் குறைந்தது, அல்லது மருந்து அதிகம்.

கரிமருந்து கிடைப்பது சிரமம். நவீனப் புகையில்லா மருந்தில் சிட்டிகை அளவு போட்டால் என்ன?
— வாசகர், சிட்னி

சிட்டிகையும் கூடாது. கரிமருந்து எரியும் வேகம் சுற்றியுள்ள அழுத்தத்தால் பெரிதாக மாறுவதில்லை. புகையில்லா மருந்து அழுத்தம் ஏற ஏற வேகமாக எரியும், வேகமாக எரிய எரிய அழுத்தம் இன்னும் ஏறும். இந்தக் குழல்களின் இரும்பு அதற்குச் செய்ததல்ல. குழல் பிளந்தால் பக்கத்திலேயே உங்கள் கை இருக்கும்.

பென்சில்வேனியாவில் சக்கிமுக்கித் துப்பாக்கிக்கென்றே தனி மான் வேட்டைப் பருவம் உண்டு. என் துப்பாக்கியில் பத்துக்கு நான்கு முறை பொறி பறப்பதில்லை.
— வாசகர், பிட்ஸ்பர்க்

கல்லின் விளிம்பு முழு நீளத்துக்கும் ஒரே நேரத்தில் இரும்புத் தகட்டில் படுகிறதா என்று பாருங்கள். தகட்டின் உயரத்தில் மேலிருந்து மூன்றில் ஒரு பங்கு தாண்டிப் படத் தொடங்க வேண்டும். கல்லைத் தோலில் சுற்றித்தான் கவ்வ வேண்டும், வெறும் இரும்பில் கவ்வினால் உடையும். அதன்பிறகும் பொறி மங்கலாக, சிவப்பாக விழுந்தால் தகட்டின் கெட்டித்தோல் தேய்ந்துவிட்டது. அரம் அதில் வழுக்காமல் கடித்தால் உறுதி. மறுபடி கெட்டிப்படுத்தக் கொடுங்கள். பொறி விழும் கிண்ணத்தில் 4எஃப் (மிக நயமான) மருந்து இரண்டு மூன்று கிரெய்ன் போதும். குழலுக்குள் தீ போகும் துளையை மூடும்படி குவித்தால் திரி போல மெல்ல எரிந்துதான் உள்ளே போகும்.

கைப்பிடி மெலியும் இடத்தில் மரம் விரிசல் விட்டிருக்கிறது. ஒட்டினேன், மறுபடி விட்டுவிட்டது.
— வாசகர், பர்மிங்ஹாம்

பசை மேல் குற்றமில்லை. அந்த வால்நட் மரம் நூறு வருடமாக லாக்கிலிருந்து வழிந்த எண்ணெயைக் குடித்திருக்கிறது. சுண்ணாம்புக்கல் மாவை அசிட்டோனில் குழைத்து விரிசலின் மேல் அப்புங்கள். காய்ந்ததும் மாவு பழுப்பாகியிருக்கும், தட்டிவிட்டு மறுபடி அப்புங்கள். மாவு வெள்ளையாகவே காயும்வரை இதைச் செய்ய வேண்டும். நான்கைந்து முறை ஆகலாம். அசிட்டோன் சட்டென்று தீப்பற்றும், திறந்த வெளியில் செய்யுங்கள். பிறகு மெல்ல ஆறும் எபாக்ஸியை விரிசலுக்குள் விட்டு, பழைய சைக்கிள் டியூபை நீளப் பட்டையாக வெட்டி இறுக்கச் சுற்றி, ஒரு நாள் விடுங்கள். உதைப்பைத் தாங்க வேண்டிய துப்பாக்கி என்றால் லாக் பள்ளத்துக்குள்ளிருந்து விரிசலுக்குக் குறுக்காக 3 மி.மீ. மரையிட்ட பித்தளைக் கம்பி ஒன்றும் வேண்டும். வெளியே ஒன்றும் தெரியாது.

எங்கள் வீட்டில் தாத்தா காலத்துக் கேப்புத் துப்பாக்கி ஒன்று பரணில் கிடக்கிறது. பழையது என்பதால் உரிமம் வேண்டாம் என்கிறார்களே?
— வாசகர், தஞ்சாவூர்

தவறு. 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 45ஆவது பிரிவு விலக்குவது, பழுதுபார்த்தாலும் சுட முடியாத பழம்பொருளை மட்டும். நிப்பிள் மாற்றினால் சுடும் என்றால் அது துப்பாக்கிதான், உரிமம் வேண்டும். வழக்கறிஞர் ஒருவரைக் கேட்டுக்கொண்டு காவல் நிலையத்திலோ உரிமம் பெற்ற விற்பனையாளரிடமோ ஒப்படைத்துவிட்டு, பிறகு உரிமத்துக்கு வழி பாருங்கள். அதுவரை நீங்களே துடைக்கவோ பிரிக்கவோ வேண்டாம். குறிப்பாக உப்புத்தாள் போட வேண்டாம், பொறித்த எழுத்துகள் ஒருமுறை போனால் போனதுதான்.

சுட்டபின் எண்ணெய் போட்டுத்தான் வைக்கிறேன். ஆனாலும் இரண்டு வாரத்தில் குழலுக்குள் துரு.
— வாசகர், லெஸ்டர்

எண்ணெய்க்கு முன் தண்ணீர் வேண்டும். குழலில் தங்குவது பொட்டாசியம் உப்புகள். அவை காற்றின் ஈரத்தை இழுக்கும், எண்ணெயில் கரையாது. உப்பின் மேல் எண்ணெய் பூசினால் உப்பை மூடி வைத்தது போலத்தான்.

அன்றைக்கே, வீட்டுக்கு வந்த கையோடு, லாக்கைக் கழற்றி வைத்துவிட்டு நிப்பிளை எடுங்கள். வெதுவெதுப்பான நீரில் சில சொட்டு பாத்திரம் கழுவும் சோப்பு. கொதிக்கும் நீர் வேண்டாம், சூடான இரும்பில் துடைப்பதற்குள்ளேயே செம்மண் நிறத்தில் துரு பூத்துவிடும். நிப்பிள் துளையில் பொருந்தும் குழாயின் மறுமுனையை வாளியில் விட்டு, கோலில் இறுக்கமான துணியோடு மேலும் கீழும் இழுத்தால் குழலே பம்பு போலத் தண்ணீரை உறிஞ்சித் தள்ளும். மரத்துக்குள் தண்ணீர் வழியாமல் பார்த்துக்கொள்ளுங்கள். நல்ல நீரில் ஒருமுறை அலசி, துணி ஈரமில்லாமல் வரும்வரை துடைத்து, பிறகு எண்ணெய்.

நிப்பிளின் துளையையும் அப்போதே பாருங்கள். 0.7 முதல் 0.8 மி.மீ. இருக்க வேண்டியது அரித்து 1 மி.மீ. ஆகிவிட்டால், சுடும்போது குதிரை பின்னால் எகிறும், கேப்பு சிதறும். புதிது வாங்கும்போது மரையை அளந்து வாங்குங்கள். கால் அங்குல மரைக்கு 6 மி.மீ. மரை நிப்பிளைப் போட்டால் சுற்றிச் சுற்றி உள்ளே போகும், பொருந்தியது போலவே தோன்றும். 0.35 மி.மீ. மெலிந்த அது ஒருநாள் உங்கள் முகத்தை நோக்கிப் பறக்கும். சரியான நிப்பிளின் மரையில் செம்புத் தூள் கலந்த கிரீஸ் தடவிப் பொருத்துங்கள், அடுத்த முறை கழற்ற எளிது.

மறுநாள் ஒரு வெள்ளைத் துணியை உள்ளே விட்டு எடுங்கள். பழுப்பாக வந்தால் உப்பு மிச்சமிருக்கிறது, மறுபடி தண்ணீரிலிருந்து தொடங்க வேண்டும். மூன்றாம் நாளும் வெள்ளையாகவே வந்தால் எண்ணெய் பூசி, வாய் கீழே இருக்கும்படி சாத்தி வையுங்கள். நிமிர்த்தி வைத்தால் எண்ணெய் நிப்பிள் வழியாக வழிந்து லாக்குக்கும் கைப்பிடி மரத்துக்கும்தான் போகும்.